நாலாயிரம் ஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல்

கிட்வாய் நகர்,
அக்டோபர் 6

அன்புள்ள சிசிலியாவுக்கு,

நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒன்பது டெசிபல் உயர்த்துவது என்று நேற்று மாலை முடிவெடுத்தேன். அவசரப்பட்டு எடுத்த முடிவல்ல. ஆறில் வைத்துப் பார்த்தேன், ஏழில் வைத்துப் பார்த்தேன். அலுவலகம் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை சோதித்தேன். உன் அண்ணி ரெபேக்காவின் கருத்தையும் கேட்டேன். அவள் கருத்து எதுவும் சொல்லவில்லை, அல்லது எனக்குக் கேட்கும்படி சொல்லவில்லை. அதன் பிறகே முடிவு அமலுக்கு வந்தது.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். நாம் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. நான் உன்னைப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து நீக்கினேன். நீ என் எண்ணைத் தடைசெய்தாய். இரு தரப்பும் தத்தம் அதிகாரத்துக்கு உட்பட்டே நடந்துகொண்டோம். தபால்துறை மட்டும் இன்னும் நடுநிலை வகிக்கிறது. தவிர, போனில் நீ முணுமுணுப்பாய். கடிதத்தில் யாரும் முணுமுணுக்க முடியாது.

உன் மகள் ஜெனி என் பிறந்த நாளுக்கு ஒரு ஹெட்போன் வாங்கித் தந்தது உனக்குத் தெரிந்திருக்கும். நொய்டாவில் வேலை பார்க்கிற பிள்ளை, நல்ல மனசு. நமக்குள் நடப்பதை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஹெட்போன் சரியில்லை. எல்லோரும் போர்வைக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. சொன்னேன். “அதுக்கு ஆப் இருக்கு மாமா, ஈக்வலைசர், போட்டுத் தரேன், உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மேல கீழ பண்ணிக்கோங்க” என்று என் கைபேசியை வாங்கி இரண்டு நிமிடத்தில் திருப்பித் தந்தாள்.

அந்த ஆப்பைத் திறந்தால் பத்துக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் மேலும் கீழும் நகரும் ஒரு பொட்டு. இடது ஓரத்தில் மேளத்தின் அடிவயிற்றுச் சத்தம், வலது ஓரத்தில் ஜால்ராவின் நுனிச் சத்தம், மற்றதெல்லாம் நடுவில். எதைத் தள்ளுகிறோமோ அது மட்டும் மேலே வரும், மற்றது இருந்த இடத்தில் இருக்கும். அமைச்சகத்தில் முப்பது வருடமாக இருக்கிறேன். இப்படி ஒரு பதவி உயர்வு முறையை நான் பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேளாங்கண்ணி மாதா கொடியேற்றத்துக்கு முன் நடந்த பயிற்சியைக் கைபேசியில் பதிவு செய்திருந்தேன். எந்தப் பயிற்சி என்று உனக்குத் தெரியும்; அதைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. புதிய முடிவுக்குப் பிறகு அந்தப் பதிவைக் கேட்டபோது, காணிக்கைப் பாடலில், உச்சக் குரல் பாடுகிற சோப்ரானோ வரிசையில் ஒரு பெண் குரல் கேட்டது. மேலே போகும்போது இழுக்கவில்லை, இறங்கும்போது அவசரப்படவில்லை, ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டுத்தான் மூச்சு வாங்குகிறாள். இத்தனை வருடம் இந்தக் குழுவை நடத்துகிறேன், இப்படி ஒருத்தி அதில் இருப்பது எனக்குத் தெரியாது. அந்த வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நீயும் அந்த வரிசையில் இருந்தாய். ஆனால் நீ அன்று பாடவில்லை, வாயை மட்டும் அசைத்தாய் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். அதை மீண்டும் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் என்ற முறையில்தான் கேட்கிறேன். கிறிஸ்து பிறப்பு விழாப் பாடலின் தனிச் சரணம் நீ போனதிலிருந்து காலியாக இருக்கிறது. அதை அவளுக்குத் தருவதாக இருக்கிறேன். பெயரைத் தெரிவிக்கவும்.

அண்ணன்,
அடைக்கலசாமி

பி.கு.: மாப்பிள்ளை பிராங்ளின் தவறாமல் பயிற்சிக்கு வருகிறார். மனைவி விலகியும் தான் விலகாத அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன். குழுவில் எனக்குத் தெளிவாகக் கேட்கிற ஒரே குரல் அவருடைய கனத்த பேஸ் குரல்தான்.

*

கரோல் பாக்,
அக்டோபர் 11

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. ஒன்பது டெசிபலுக்கு வாழ்த்துகள்.

நான் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தபோது அதை ஜெனிதான் வாங்கி வைத்திருக்கிறாள். நல்லவேளை, தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். “அன்புள்ள” வரைக்கும் வந்துவிட்டு, “அச்சா, பேட்ச்-அப் ஆயிடுச்சா மம்மி?” என்று கேட்டாள். முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு உலகம் எளிதாக இருக்கிறது.

அந்தப் பயிற்சியைப் பற்றி எழுத நீங்கள் விரும்பவில்லை. நான் விரும்புகிறேன். இருபது பேர் முன்னால், என்னைக் கூட்டிப்போக வந்த மகள் வாசலில் நிற்க, “சிசிலியா, வாய மட்டும் அசைக்காத, பாடு” என்றீர்கள். நான் இன்னும் சத்தமாகப் பாடினேன். மறுபடியும் சொன்னீர்கள். தொண்டை கிழியப் பாடினேன். பக்கத்தில் நின்ற பெண் ஒரு அடி தள்ளி நின்றாள். மூன்றாவது தடவையும் சொன்னபோது பாட்டுப் புத்தகத்தைக் கீபோர்டு மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மெட்ரோவில் ஜெனி என்னிடம் பேசப் பயந்தாள். எதிரே இருந்த அம்மாள், “தபியத் டீக் ஹை?” என்று விசாரித்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அதுவரை எனக்கு வாய் திறக்கவில்லை.

கல்யாணம் ஆகி டெல்லிக்கு வந்த வருடத்திலிருந்து அந்தக் குழுவில் பாடுகிறேன். சேர்த்ததும் நீங்கள்தான். தங்கை என்று சேர்க்கவில்லை, குரலைக் கேட்டுத்தான் சேர்த்தேன் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னீர்கள்.

நீங்கள் குழுவுக்கு அனுப்பிய பதிவைப் பிராங்ளினின் கைபேசியில் கேட்டேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் பாடுகிறாள். ஆனால் உங்கள் குழுவில் இனி அவள் பாடுவதாக இல்லை. பெயரைச் சொல்லவும் அவளுக்கு விருப்பமில்லை.

என் வீட்டுக்காரரின் பெருந்தன்மையைப் பாராட்டியிருக்கிறீர்கள். நான் விலகியதும் அவரும் விலகுவார் என்றுதான் நினைத்தேன். “ரெண்டு பேரும் போனா மச்சானுக்குக் கஷ்டம்” என்றார். அவர் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்கிறீர்கள். எனக்கும் கேட்கிறது. காலையில் அவர் ஆரம்பித்தால் நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவேன். அவர் நல்ல மனிதர். சுருதி வேறு விஷயம்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பத்துக் கோடுகளையும் எங்கெங்கே வைத்திருக்கிறீர்கள்? இரண்டு காதுக்கும் ஒரே அளவா? சும்மாதான் கேட்கிறேன்.

சிசிலியா

*

கிட்வாய் நகர்,
அக்டோபர் 17

அன்புள்ள சிசிலியாவுக்கு,

உன் கடிதத்தில் கடைசிப் பத்திக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவை கவனத்தில் கொள்ளப்பட்டன.

நீ கேட்டது நல்ல கேள்வி. இதுவரை யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் நானாகச் சொன்னபோதுகூட எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். இடது காதுக்கு: முதல் ஆறு கோடுகள் இருந்தபடி இருக்கின்றன. இரண்டாயிரத்தில் நான்கு, நாலாயிரத்தில் ஒன்பது, எண்ணாயிரத்திலும் அதற்கு மேலும் பத்து. வலது காதுக்கு: ஆயிரத்திலேயே ஐந்து, அதற்கு மேல் எல்லாம் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு மேல் ஆப் அனுமதிப்பதில்லை. அனுமதித்தால் தேவைப்படும்.

வலதுக்கு ஏன் அதிகம் என்றால், அந்தப் பக்கக் கருவியில் கோளாறு. கம்பெனிக்கு முறைப்படி புகார் எழுதினேன். மறுபேச்சில்லாமல் புது ஹெட்போன் அனுப்பினார்கள். அதிலும் அதே பக்கத்தில் அதே கோளாறு. ஒரே தவறை இரண்டு முறை இம்மி பிசகாமல் செய்ய எவ்வளவு ஒழுங்கு வேண்டும்! எங்கள் அமைச்சகத்தில் அது கிடையாது. இரண்டாவது புகாரை அனுப்பியிருக்கிறேன்.

பொருள்களின் தரம் எல்லாவற்றிலும் போய்விட்டது. வீட்டில் குக்கர் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. கேஸ்கெட் மாற்றினேன், வெயிட் மாற்றினேன், பிறகு குக்கரையே மாற்றினேன். புதியதும் அடிக்கவில்லை, அதற்கடுத்து வாங்கியதும் அடிக்கவில்லை. சாதம் மட்டும் எப்படியோ வெந்துவிடுகிறது. ரெபேக்கா எதிர்ப்புத் தெரிவிக்காமல் மூன்றாவது குக்கரையும் அலமாரியில் ஏற்றி வைத்தாள்.

இந்த அமைப்பின் பயன் எனக்கு மட்டும் கிடைப்பது நியாயமல்ல. ஆகவே இடது காதின் அளவையே பொது அளவாகக் கொள்ளலாம் என்று தீர்மானித்து, கோயில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் அன்புவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு முதல் கோயிலின் மிக்ஸரில் அது நடைமுறைக்கு வரும். “சார், பூசைக்கா சார்?” என்று மட்டும் கேட்டான். நல்ல பையன், ஆனால் தொலைநோக்கு போதாது.

அந்தப் பெண் விஷயம். தினமும் மெட்ரோவில் அந்தப் பாட்டைக் கேட்கிறேன். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவேன். பிறகு வருவது தேவையில்லை. முன்பு எப்போதோ நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த குரல் போலவும் இருக்கிறது. எந்த வருடம் என்று பிடிபடவில்லை. ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் இறங்க மறந்து நேற்று கிரீன் பார்க் வரை போய்விட்டேன்.

அவள் மனம் புண்பட்டிருந்தால், யாரால் என்று அவளிடம் கேட்டு எழுது. உரிய நடவடிக்கை எடுக்கிறேன்.

அண்ணன்,
அடைக்கலசாமி

*

கரோல் பாக்,
அக்டோபர் 28

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து பிராங்ளின் காதில் பஞ்சோடு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்; நீங்கள் முன்வரிசையில் இருந்ததால் தெரிந்திருக்காது.

பீடத்திலிருந்து ஜெயபால் சாமி முதல் வார்த்தை பேசியதும் பின்னால் இருந்தவர்கள், தீபாவளி மிச்ச வெடியை யாரோ கொளுத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்களாம். சகரம் வந்த இடமெல்லாம் பாம்பு சீறுவது போலிருந்ததாம். கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழ ஆரம்பித்தன. வாசகம் படித்த பெண் தன் குரலுக்கே பயந்து மைக்கை விட்டுத் தள்ளிப் போனாள். அன்பு இரண்டு முறை மிக்ஸரைத் தொடப் போனான். நீங்கள் அவனைப் பார்த்துக் கையை அசைத்து உட்காரச் சொன்னீர்கள். பூசை முடிந்து வெளியே நின்று, “இன்னிக்குத்தான் சாமி பிரசங்கம் ஒரு வார்த்தை விடாம விளங்குச்சு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம்.

அந்த ஒரு வரியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் அனுப்பிய எண்களை ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சில காலம் நர்ஸாக இருந்திருக்கிறேன். இந்தப் படத்தை அங்கே தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்து இரண்டு முறை கிழித்துப் போட்டேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அது குறைந்துவிட்டதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆப்பை அணைத்துவிடுங்கள். ஹெட்போனைப் பக்கம் மாற்றிப் போடுங்கள். வலது பக்கத்தை இடது காதில், இடது பக்கத்தை வலது காதில். அதே பாட்டைக் கேளுங்கள். மெட்ரோவில் வேண்டாம். வீட்டில், அண்ணி பக்கத்தில் இருக்கும்போது.

இரண்டாவது புகாருக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிசிலியா

*

கிட்வாய் நகர்,
நவம்பர் 5

அன்புள்ள சிசிலியாவுக்கு,

நீ சொன்ன சோதனை சனிக்கிழமை காலை, காப்பிக்குப் பிறகு, ரெபேக்காவின் முன்னிலையில் நடத்தப்பட்டது. முடிவைத் தெரிவிக்கிறேன்.

கோளாறுள்ள கருவியை இடது காதில் மாட்டினேன். அது நன்றாக வேலை செய்தது. கோளாறில்லாத கருவியை வலது காதில் மாட்டினேன். அது வேலை செய்யவில்லை. மீண்டும் மாற்றினேன். பழைய ஹெட்போனையும் எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோளாறு எந்த முறையும் கருவியோடு போகவில்லை. அது இருந்த பக்கத்திலேயே இருந்தது.

கம்பெனிக்கு எழுதிய புகார் திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் நன்றி தெரிவித்து, சேவையை மதிப்பிட ஐந்து நட்சத்திரம் கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டேன்.

ரெபேக்காவை வலப்பக்கம் வந்து ஏதாவது பேசச் சொன்னேன். அவள் உதடு அசைந்தது. இடப்பக்கம் வந்து அதையே சொல்லச் சொன்னேன். “நாலு வருஷமா நான் அந்தப் பக்கம் நின்னு பேசறதே இல்ல. கவனிக்கலியா?” என்றாள். சாப்பாட்டு மேசையில் அவள் இடம் மாறி உட்கார்ந்தது ஜன்னல் வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன். அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னாளாம். வலப்பக்கம் நின்று சொன்ன காலத்தில்.

குக்கர்கள் மூன்றும் குற்றமற்றவை.

பிறகு அந்தப் பதிவை முழுவதும் கேட்டேன். இதுவரை பாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தேன். இம்முறை நிறுத்தவில்லை. பாட்டு முடிகிறது, ஓர் ஆண் குரல் பேசுகிறது. உன் பெயரைச் சொல்கிறது. அதைக் கேட்க எனக்கு ஆப் தேவைப்படவில்லை. மறுபடி பாட்டு, மறுபடி அந்த ஆள். மூன்றாவது முறை அந்தப் பெண் பாடுகிறபோது குரல் கொஞ்சம் உடைகிறது. ஆனாலும் சுருதி விலகவில்லை. பிறகு ஒரு புத்தகம் வைக்கப்படும் சத்தம். அதற்குப் பிறகு வரும் பாட்டில் அவள் இல்லை.

அவள் பெயரை இனி விசாரிக்க வேண்டியதில்லை.

பாடகர் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கக் கோரி ஜெயபால் சாமிக்கு எழுதியிருக்கிறேன். காது கேட்காதவன் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, தணிக்கைத் துறையில் கூட்டல் தெரியாதவன் உட்கார்ந்திருப்பது போல. நடக்காததல்ல, ஆனால் பரிந்துரைக்கத்தக்கதல்ல. எனக்குப் பிறகு நீ அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அதிக நாள் இல்லை.

மிக்ஸரைப் பழைய நிலைக்கு மாற்ற அன்புவிடம் சொன்னேன். அந்த ஞாயிறு பூசை முடிந்ததுமே மாற்றிவிட்டானாம்.

அண்ணன்,
அடைக்கலசாமி

*

கரோல் பாக்,
நவம்பர் 11

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இன்று விடுமுறை. பிராங்ளின் பாட்டுப் பாடிக்கொண்டு துணி காயப்போடுகிறார். குழாயைத் திறந்து வைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ராஜினாமா. ஜெயபால் சாமி அதை பிராங்ளினிடம் காட்டி, “இதுக்கு என்ன பதில் எழுதுறது? எனக்கு உங்க மச்சான் எழுதுற தமிழ் பாதி புரியல” என்றாராம். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வயதாகக் காது மந்தமாவது தண்டனை இல்லை. எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. அவர்கள் யாரும் வேலையை விட்டுப் போவதில்லை, மருமகள் முணுமுணுக்கிறாள் என்று புகார்தான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் முறையாகச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஆப் போதாது. அது உங்களுக்கு எதை ஏற்ற வேண்டும் என்று காட்டியது, அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் வைக்கிற சின்ன மெஷின் இருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் உங்கள் காதுக்கு மட்டும். கோயிலுக்கு வேண்டாம்.

குழுவை நான் ஏற்க மாட்டேன். எனக்குப் பாடத்தான் தெரியும். உங்களைப் போல ஒரு சரணத்தை நாற்பது தடவை சொல்லிக் கொடுக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. அது உங்களுக்கு இருக்கிறது என்று நான் நேரில் சொன்னதில்லை. இப்போதும் நேரில் சொல்லவில்லை.

இரண்டாவது. உங்கள் கடிதத்தில் ஓர் ஆண் குரல், ஓர் ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் யார் என்று எழுதவில்லை. எதற்கும் யாரையாவது விசாரித்துப் பழக்கப்பட்டவர் நீங்கள். விசாரித்துப் பாருங்கள்.

என் குரல் உங்களுக்குக் கேட்காமல் போனதற்கு நான் உங்கள் மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதை நினைத்து, உங்கள் எண்களைக் கோடு போட்ட அன்றைக்கு, ஆஸ்பத்திரி மருந்தறையில் நின்று அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். எத்தனை வருடமாக நான் பாடியது உங்களுக்கு எட்டவே இல்லை என்று. ஆனால் அண்ணா, என்னை அவமானப்படுத்தியது உங்கள் காது இல்லை. வாய். காது கேட்காதவர், “எனக்குக் கேட்கலம்மா” என்றுதான் சொல்ல வேண்டும். “நீ பாடல” என்று சொன்னீர்கள். இருபது பேர் கேட்டார்கள். அதற்கு நீங்கள் எனக்குக் கடிதம் எழுதினால் நான் ஒருத்திதான் படிப்பேன். ஜெனிகூடப் படிக்க மாட்டாள்.

சிசிலியா

*

கிட்வாய் நகர்,
நவம்பர் 24

அன்புள்ள சிசிலியாவுக்கு,

விசாரித்தேன். நான்தான்.

நேற்றுப் பயிற்சி தொடங்கும் முன் கீழ்க்கண்டதை எழுதி, எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் வாசித்தேன். நகலை இங்கே தருகிறேன்: “ஆகஸ்டு மாதப் பயிற்சியில் சிசிலியா வாயை மட்டும் அசைத்ததாக நான் சொன்னது உண்மைக்குப் புறம்பானது. அவர் பாடினார். எனக்குக் கேட்கவில்லை. எனக்கு வலது காது பெரும்பாலும் கேட்பதில்லை; இடது காதும் ஓரளவு மந்தம். அதை நான் அறியாதது என் பிழை. அறியாமலே பேசியது அதைவிடப் பெரிய பிழை. பேசியதைத் திரும்பப் பெறுகிறேன்.”

வாசித்து முடித்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அல்லது சொன்னார்களோ என்னவோ, அதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். ஆல்ட்டோ பாடுகிற வத்சலா அம்மா மட்டும் என் இடப்பக்கமாக வந்து, “எங்க எல்லாருக்கும் தெரியும் சார்” என்றாள். எது தெரியும் என்று கேட்டேன். இரண்டும்தான் என்றாள். பிறகு எப்படி இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். அதற்கான பதில் ரெபேக்கா ஏற்கெனவே சொன்னதுதான்.

ஜெனிக்கும் அதை அனுப்பினேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம் என்று வாயால் சொல்லி ஒலிப்பதிவாக அனுப்பினேன். “மாமா, ஆர் யூ ஓகே?” என்று கேட்டிருந்தாள். ஓகே என்று பதில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தபோதுதான், சத்தம் வந்து போயிருக்கிறது என்று புரிந்தது. மெஷினுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. இந்த வாரம் பொருத்துவார்கள். அறிக்கையில் இருந்த படத்தையும் ஆப்பில் நான் வைத்திருந்த கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆற்றில் மரம் தெரிவது போல ஒன்றுக்கொன்று தலைகீழாக இருந்தன. ஆப் சொன்னது சரிதான். நான்தான் அதை வேறு யாரையோ பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

ராஜினாமாவைத் திரும்பப் பெற்றேன். ஜெயபால் சாமி, “நல்லது, நான் அத இன்னும் படிச்சு முடிக்கல” என்றார்.

ஒரு நிர்வாக மாற்றம். இத்தனை வருடமாகச் சோப்ரானோ வரிசையை என் வலப்பக்கம் நிற்க வைத்திருந்தேன். அதற்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை. முதல் நாள் அப்படி நின்றார்கள், அப்படியே இருந்துவிட்டது. இனி அவர்கள் இடப்பக்கம். பேஸ் குரல்காரர்கள் வலப்பக்கம் போகிறார்கள். முதல் வரிசையில் ஓரத்து இடம் காலியாக இருக்கிறது. தனிச் சரணமும் காலியாகத்தான் இருக்கிறது. யாருக்கும் தரவில்லை. வரும் ஞாயிறு நாலு மணிக்குப் பயிற்சி.

வா என்று நான் சொல்லவில்லை. நேரத்தைத்தான் தெரிவித்தேன்.

அண்ணன்,
அடைக்கலசாமி

*

கரோல் பாக்,
டிசம்பர் 2

அண்ணனுக்கு,

உங்கள் எண்ணை நேற்றே தடையிலிருந்து எடுத்துவிட்டேன். இருந்தாலும் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் சொல்லப் போனால் நடுவில் சிரித்துவிடுவேன், அல்லது வேறு ஏதாவது ஆகிவிடும்.

ஞாயிறன்று நான் வருவேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிராங்ளின் கிளம்பியதும் கொஞ்சம் பொறுத்து நானும் அடுத்த மெட்ரோவில் ஏறினேன். மூடுபனியில் கோயில் வாசல் விளக்கை முன்கூட்டியே போட்டிருந்தார்கள். நான் உள்ளே வந்து ஓரத்தில் நின்றபோது நீங்கள் தலை நிமிரவில்லை. பேனாவால் காதுக்குப் பின்னால் மெஷினைச் சரிசெய்துகொண்டு, “முதல்ல இருந்து” என்றீர்கள். எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

தனிச் சரணத்தின் மூன்றாவது வரியில் நீங்கள் கையைத் தூக்கி நிறுத்தினீர்கள். வத்சலா அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் ஒரு கணம் கால் வாசல் பக்கம் திரும்பியது.

“சிசிலியா, அந்த எடத்துல சுருதி கொஞ்சம் எறங்குது. மறுபடி பாடு” என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து பாடிப் பார்த்தேன். இறங்கத்தான் செய்கிறது. ஐந்தாறு வருடமாகவே இறங்கியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வரியையே பாடிக்கொண்டிருக்கிறேன். ஜெனி, “மம்மி, வேற பாட்டே தெரியாதா?” என்கிறாள். விழாவுக்குள் சரிசெய்துவிடுவேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்குப் பிறகு நீங்கள் ஆண் குரல்களைத் தனியாகப் பாடச் சொன்னீர்கள். வலப்பக்கம் மெஷின் இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நாலாவது வரியில் நிறுத்தி, பிராங்ளினை மட்டும் பாடச் சொன்னீர்கள். அவர் சந்தோஷமாகப் பாடினார். நீங்கள் மெஷினைக் கழற்றி, ஊதிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை பாடச் சொன்னீர்கள்.

“மாப்பிள்ள, இது வரைக்கும் இப்படித்தான் பாடிட்டிருந்தீங்களா?”

“ஆமா மச்சான், பன்னெண்டு வருஷமா.”

இதுவரை உங்களுக்கு அவர் சத்தம்தான் கேட்டிருக்கிறது, சுருதி இல்லை. நீங்கள் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினீர்கள். பிறகு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டீர்கள். பயிற்சி முடிந்து அவரைத் தனியாக அழைத்துப்போய் இடப்பக்கம் நிறுத்தி ஏதோ பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று அவர் இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு முதல் பிராங்ளின் கோயில் வாசலில் பாட்டுப் புத்தகங்களை விநியோகிக்கிறார்.

தங்கை,
சிசிலியா